மிஃப்லின் சூத்திரம், ஒரு தராசு, ஒரு ஷீட்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

எடை குறைக்க வரும் கிளையன்ட்டுக்குக் கலோரி டார்கெட் போட விலை கூடிய ஆப்பும் வேண்டாம், உடற்கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷினும் வேண்டாம். ஓய்வில் உடல் செலவிடும் கலோரியைக் கணிக்கும் மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரம், 1 கிராம் துல்லியத்தில் 5 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருந்தால் போதும். இந்த மூன்றில் குறைவாக நம்ப வேண்டியது சூத்திரத்தைத்தான்.

1990-இல் வந்த கணக்கு அது. கிலோவில் எடையை 10-ஆலும், செ.மீ.-இல் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதைப் போல் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்டணும், பெண்ணுக்கு 161 கழிக்கணும். 34 வயது, 158 செ.மீ., 72 கிலோ உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 1,375 கலோரி வரும். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் ஆகும் செலவு இது.

சொதப்பல் அடுத்த படியில்தான்: இதை உடலுழைப்புக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கினால்தான் ஒரு நாளின் மொத்தச் செலவு வரும். "வாரம் மூணு நாள் ஜிம் போறேன்" என்றதும் பலர் 1.55-ஆல் பெருக்கிவிடுகிறார்கள், 2,130 வருகிறது. மீதி நேரமெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்கு 1.3 போட்டால் 1,790. இடையில் 340 கலோரி. எடை குறைய வேண்டும் என்று கழிக்க நினைத்த அளவே அவ்வளவுதான், ஆக முதல் நாளிலேயே பற்றாக்குறை காலி. ஜிம் நாளைக் கேட்காமல் போனில் உள்ள நடை எண்ணிக்கையைக் கேளுங்கள். 5,000 அடிக்குக் கீழே என்றால் 1.3-ஐத் தாண்ட வேண்டாம். 8,000-க்கு மேல் 1.4. கடையில் நாள் முழுக்க நிற்பவர், வயல் வேலை செய்பவருக்குத்தான் 1.55. அதே எடையுள்ள மேல்நாட்டவரைவிட நம்மவர்களுக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழக்கம் என்பதால், சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எடுக்கலாம்.

மேற்சொன்ன பெண்ணுக்கு 1,790-இல் 350 கழித்து 1,440. முதலில் புரதம்: இப்போதைய எடைக்கு அல்ல, அடைய வேண்டிய 60 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் 96. கொழுப்பு 45 கிராம். மிச்சம் மாவுச்சத்து, சுமார் 160 கிராம். ஷீட்டில் அழகாக இருக்கும். அவர் சைவம் என்றால் தட்டில் உட்காராது. துவரம்பருப்பு 60 கிராம் (சமைக்காத எடை), தயிர் 200, பன்னீர் 80, சோயா 30, அரிசி, கோதுமை, இட்லி மாவு எல்லாம் சேர்த்து உலர்ந்த எடையில் 120 என்று முழுசாகச் சாப்பிட்டாலும் புரதம் 60 கிராமைத்தான் தொடும். ஒரு ஸ்கூப் வே (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) சேர்த்தால் 84, 85. அதையே டார்கெட்டாக வையுங்கள். எட்ட முடியாத 96-ஐக் கொடுத்தால் இரண்டாவது வாரமே சாப்பிட்டதைக் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். முட்டை, கோழி, மீன் சாப்பிடுகிறவர்களிடம் இந்தத் தலைவலி கிடையாது.

குறிப்பில் அதிகம் தப்புவது அரிசி. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். அரிசி 350 கலோரி, அதே எடைச் சோறு 130 கலோரி. 150 கிராம் அரிசியை அளந்து வைத்துவிட்டு ஆப்பில் "சோறு 150 கிராம்" என்று தட்டினால் 330 கலோரி காணாமல் போகும். சமைக்காத எடையா, வெந்த எடையா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்லுங்கள். "ஒரு கிண்ணம் சாம்பார்" போன்ற ஆப் பதிவுகளைத் தொடவே வேண்டாம். யாரோ போட்டது, யார் வீட்டுக் கிண்ணமோ. டீயை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. 100 மி.லி. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டால் கோப்பைக்கு 100 கலோரி.

எண்ணெய்க்கு ஸ்பூன் கணக்கு பலிக்காது. தாளிக்கிறவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. மாத மளிகையைக் கேளுங்கள்: நான்கு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 மி.லி., அதாவது 23 கிராம், 200 கலோரிக்குச் சற்று மேல். இதை நிலையான வரியாக ஷீட்டில் வைத்துவிடலாம். தனியாகச் சமைப்பவர் என்றால் தராசு. விலை குறைந்த தராசுகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெல்லச் சேரும் எடையைக் கணக்கில் எடுக்காமல் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். சட்டியை வைத்து டேர் (எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 4, 5 கிராம் பதிவாகாது. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து டேர் அழுத்துங்கள். எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி வைத்தால் மைனஸில் காட்டும் எண்தான் ஊற்றிய அளவு.

இனி திருத்தம். இந்த முறைக்கு மதிப்பே இதில்தான் இருக்கிறது. காலையில் கழிப்பறை போய் வந்து, டீக்கு முன் எடை. ஏழு நாள் சராசரி. முதல் வாரத்தை ஒதுக்குங்கள், அதில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அடுத்து 14 நாள் இடைவெளியில் உள்ள இரு சராசரிகளின் வித்தியாசத்தை 7,700-ஆல் (ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு உத்தேசக் கலோரி) பெருக்கி 14-ஆல் வகுத்து, குறிப்பில் உள்ள தினசரி கலோரியோடு கூட்டினால் உண்மையான செலவு. 1,440 சாப்பிட்டு 0.6 கிலோ இறங்கியிருந்தால் 1,770, சூத்திரம் சரி. 0.2 மட்டுமே என்றால் 1,550. குறிப்பில் விடுபட்டதா, சூத்திரம் தப்பா என்று துருவி விசாரிக்கத் தேவையில்லை. அவர் தினமும் ஒரே அளவு விடுபவராக இருந்தால் 1,550 என்பதும் அவருடைய குறிப்புக்குச் சரியான எண்தான். அதிலிருந்து கழிப்பதா, நடையை 2,000 அடி கூட்டுவதா என்றால் நடைதான் முதலில். 1,300-க்குக் கீழே போனால் புரதமும் காய்கறியும் சேர்ந்து அடிபடும்.

பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கும்போது ஏறும் நீர் எடை இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். 14 நாள் வேண்டாம், போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட்டு 28-ஆல் வகுங்கள். 4, 5 கிலோ குறைந்ததும் புது எடையை வைத்து மீண்டும் முதலிலிருந்து. இன்சுலின் போடுபவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணிகளுக்கு இந்த ஷீட்டைத் திறக்கவே வேண்டாம். அவர்களுக்கு எண் போட வேண்டியது டாக்டரும் டயட்டீஷியனும்.