சுடோக்குவா, காது மெஷினா?

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் அப்பா காலையில் பேப்பரை விரித்து சுடோக்கு போட்டுவிட்டு "இது செய்தால் மறதி வராது பிள்ளை" என்பார், ஆனால் காலி வீதியில் பஸ் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தாலும் திரும்பமாட்டார். காது மெஷின் மட்டும் வேண்டாமாம், கிழவன் என்று நினைப்பார்களாம்.

சுடோக்குவால் கெடுதல் இல்லை, செலவும் இல்லை. ஆனால் போடப் போட சுடோக்குவில்தான் கை தேறும். மறதிநோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

காது வேறு கதை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு பட்டியலிட்ட, மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்டல் குறைபாடும் கெட்ட கொலஸ்ட்ரோலும்தான் முன்னுக்கு, மறதிநோயில் தலா 7 சதவீதம் இவற்றால் என்று கணக்கு. காது மந்தமானால் மூளைக்குப் போகும் ஒலி குறைகிறது, ஆளும் கதைப்பதைக் குறைத்துக்கொள்கிறார். போன கலியாண வீட்டில் அப்பா மூலைக் கதிரையில் சும்மா சிரித்துக்கொண்டே இருந்தது அதனால்தான். 2023இல் வந்த அமெரிக்காவின் அச்சீவ் என்ற காது மெஷின் ஆய்வில் கருவி எல்லோருக்கும் உதவவில்லை, மறதிநோய் ஆபத்து கூடியவர்களிடம் மட்டும் 3 வருடத்தில் சிந்தனைத்திறன் தேய்வது 48 சதவீதம் குறைந்தது. அப்பாவுக்கு அந்த ஆபத்தைக் கூட்டும் பிரஷரும் சீனியும் இருக்கிறது, அதனால் நான் மெஷின் பக்கம். விலைதான் கடிக்கும், பற்றரி வேறு. சரி, சுடோக்குவை விடச் சொல்லவில்லை, மெஷினை மாட்டிக்கொண்டு போடட்டும்.