சுருதி போடலாம், வயலினைச் செருகலாமா? கையடக்க ஒயர்லெஸ் ஸ்பீக்கர்கள்: ஓர் ஒப்பீடு

"சார், பொண்ணுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும்?" வயலின் வகுப்புக்குப் பிள்ளையை அழைத்து வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் வரப்போவது சுருதியா, அவள் வாசிக்கிற வயலினா?

பெட்டியின் பெயர், வாட்ஸ், விலை எல்லாம் அதற்கு அப்புறம். ஸ்பீக்கரிலிருந்து நம்மிடம் வருகிற ஒலி ஒரு ரகம். நம் கையிலிருந்து கிளம்பி ஸ்பீக்கர் வழியே வெளியே போகிற ஒலி வேறு ரகம். முதல் ரகத்துக்கு ப்ளூடூத் தாராளமாகப் போதும். இரண்டாவதற்கு அது ஆகவே ஆகாது.

காரணம் தாமதம். போனில் இருக்கிற ஒலியை ப்ளூடூத் அப்படியே அனுப்புவதில்லை. சுருக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. ஸ்பீக்கர் அவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, பிரித்து, பிறகுதான் ஒலிக்கிறது. எல்லாப் பெட்டியிலும் இருக்கும் எஸ்பிசி என்ற ஒலி சுருக்கும் முறையில் இதற்கு ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செகண்ட் ஆகிவிடும். கேட்க அற்பமாகத் தெரியும். நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம், அதாவது 80 தாள அடி, ஓடுகிற கீர்த்தனையில் ஒரு அட்சரம் 750 மில்லி செகண்ட். ஒரு அடியை நாலாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் அதை வகுத்தால் ஒரு மாத்திரை 187 சொச்சம். அதாவது ப்ளூடூத் விழுங்குவது ஒரு முழு மாத்திரை. தாளத்தின் முதல் அடியான சமத்தில் எடுத்த பாட்டு, கால் இடம் தள்ளி எடுத்ததாகக் காதில் விழும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 200 மில்லி செகண்ட் தாமதம் என்றால் நீங்கள் இங்கே வில் போட்டு, 68 மீட்டர் தள்ளி நின்று அதைக் கேட்பதற்குச் சமம். யாரால் அப்படி வாசிக்க முடியும்?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 ஊரடங்கில் ஏழெட்டுப் பேர் அவரவர் வீட்டிலிருந்து வாசித்து ஒரு பாட்டாகச் சேர்க்க ஏற்பாடு. அனுப்பியிருந்த டிராக்கை ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கூடவே வாசித்து, அதே போனில் பதிவு செய்தேன். வாசிக்கும்போது எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஸ்பீக்கரில் வந்ததோடு என் கை ஒட்டித்தான் போயிற்று. ஆனால் ஸ்பீக்கரில் வந்ததே தாமதமாக வந்தது. சேர்த்துப் பார்த்தபோது என் வயலின் மட்டும் ஆதியிலிருந்து அந்தம்வரை ஒரு மாத்திரை பின்னால் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் ஒயர் ஹெட்போன் போட்டு முழுவதையும் திரும்ப வாசித்தேன்.

சுருதிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. தம்புராவுக்குத் தாளம் இல்லை. கால் நொடி பிந்தி வந்தாலும் அது அதே சட்ஜமம்தான். தாள ஆப்பும் அப்படியே. காதில் விழுகிற அடிக்கு நாம் வாசிக்கிறோம், அந்த அடி போனிலிருந்து எப்போது கிளம்பியது என்பது நமக்குத் தேவையில்லை. திரையில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் மட்டும் குழப்பம். கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும்.

ஆக, வீட்டுச் சாதகத்துக்குச் சின்ன ஸ்பீக்கர் நல்ல துணை. ஜேபிஎல் ஃப்ளிப் 6-ஐ எடுத்துக்கொள்வோம். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை, 30 வாட்ஸ், 12 மணி நேரம்வரை தாங்கும் என்கிறார்கள். கீழ்ஸ்தாயியில் அதன் எல்லை 63 ஹெர்ட்ஸ். இங்கேதான் பாட்டுக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு கட்டைச் சுருதிக்கு மத்திய ஸ்தாயி சட்ஜமம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர, அதாவது கீழ் ஸ்தாயி, சட்ஜமம் 65. பெட்டியில் அச்சடித்திருக்கும் எல்லையில் சத்தம் ஏற்கெனவே விழுந்திருக்கும், ஆகவே ஆண் குரலுக்கான தம்புராவின் அடித்தந்தி அதில் முழுசாக வராது. ஆனாலும் நமக்குக் கேட்கிற மாதிரியே இருக்கும். மேல் ஸ்வரக் கூறுகளை வைத்துக் காது அடிநாதத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களுக்கு இந்தக் கவலை குறைவு. வால்யூமைக் கூட்டக் கூட்டச் சின்னப் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள அடி ஒலியைக் குறைத்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். பாதி வால்யூமுக்குக் கீழே வைத்து, சுவரோரமாக, மரப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். தந்திக்கடியில் வைக்கும் நூலான ஜீவாளியின் ரீங்காரம் எழும்பி, யாரும் மீட்டாத அந்தரகாந்தாரம் தானாகக் கேட்கும் தம்புராவின் சுகத்துக்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

இதற்குப் போட்டி எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் மின்தம்புராவும். பெங்களூருவில் ராடெல் நிறுவனம் தொடங்கி வைத்த சமாசாரம். தென்னிந்தியாவில் அது நுழையாத சங்கீத வீடு குறைவு. ஒலியின் அழகில் இன்றைய ஆப்பும் நல்ல ஸ்பீக்கரும் பழைய மின்தம்புராவை முந்திவிட்டன என்பது என் காதின் முடிவு. ஆனால் மேடையில் நான் இன்றும் பெட்டியைத்தான் நம்புகிறேன். பெட்டிக்குப் போன் கால் வராது. ஒருமுறை நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு வீட்டில் வாசித்தபோது, ஆலாபனை நடுவில் சுருதி அறுந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி ரிங்டோன் ஒலித்தது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, பிறகு ப்ளூடூத்தை மட்டும் உயிர்ப்பித்திருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குத் தூங்கும் பழக்கமும் உண்டு. கொஞ்ச நேரம் ஒலி இல்லையென்றால் சில பெட்டிகள் கண்ணயர்ந்துவிடும், மறுபடி தாளம் போட்டால் முதல் அடியை விழுங்கிவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிக்கும்.

சரி, இனி நம்மிடமிருந்து போகிற ஒலி. ஃப்ளிப் 6-ல் மைக்கோ, வாத்தியத்தில் ஒட்டும் பிக்கப்போ செருக இடமே கிடையாது. 2025-ல் வந்த ஃப்ளிப் 7, சார்ஜ் 6 இரண்டிலும் யுஎஸ்பி-சி கேபிள் வழியே பாட்டுக் கேட்க வழி செய்திருக்கிறார்கள். அது போனுக்கும் கம்ப்யூட்டருக்குமான வழி. வயலினுக்கு அதிலும் வாசல் இல்லை.

வாசல் உள்ளவற்றில் மலிவானது ட்ராலி ஸ்பீக்கர். சக்கரம், கைப்பிடி, கலர் கலராக லைட், இரண்டு ஒயர்லெஸ் மைக். பெட்டிமேல் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருக்கும். பக்கத்திலேயே, கண நேர உச்சத்தை மட்டும் சொல்லும் பிஎம்பிஓ என்று பொடி எழுத்து இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். தொடர்ந்து தரும் சக்தியான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் தேடிச் சொல்லட்டும். பேச்சுக்கும் அறிவிப்புக்கும் பஜனைக்கும் இது உதவும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு உதவாது. எக்கோவை முழுக்க அணைக்க முடியாத பெட்டிகளில், இரட்டை ஸ்வரங்களாக வாசிக்கும் ஜண்டை வரிசையே மூன்று பேர் முன்பின்னாக வாசிப்பதுபோல் கேட்கிறது. கூடவே வரும் மைக்கில் வயலினின் மேல் ஸ்தாயி கீச்சிடும். ஒரு தடவை வாசித்துவிட்டு, பெட்டியை அணைத்து வெறும் வாத்தியத்தையே வாசித்தேன். முப்பது பேர் உட்கார்ந்த கூடத்துக்கு அதுவே நன்றாகக் கேட்டது. சின்னக் கூடத்தில் வயலினும் மிருதங்கமும் மைக் இல்லாமலே நிறையும் என்பதை நாம் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம். அந்தப் பழக்கம் திரும்ப வர வேண்டும் என்பது என் ஆசை.

மைக் இல்லாமல் முடியாத இடத்துக்குத்தான் பேட்டரியில் ஓடும் கச்சேரி ஒலிபெருக்கிகளான பிஏ பெட்டிகள். போஸ் எஸ்1 ப்ரோ சுமார் 7 கிலோ, மூன்று சேனல் (ஒலி உள்ளே வரும் தனித்தனி வழி), 11 மணி நேரம்வரை பேட்டரி. ஜேபிஎல் இயான் ஒன் காம்பாக்ட் 8 கிலோ, நாலு சேனல், 12 மணி நேரம்வரை. விலை பல பத்தாயிரங்கள். நான் போஸை இரண்டு கச்சேரிக்கு இரவல் வாங்கியும், ஜேபிஎல்லை ஒரு நண்பர் வீட்டிலும் வாசித்துப் பார்த்தேன். வயலினின் நடு ஸ்தாயி போஸில் எனக்கு இன்னும் இயல்பாகப் பட்டது. மந்தரத்தில் கனம் ஜேபிஎல்லில் அதிகம். பாட்டு, வயலின், மிருதங்கம், சுருதி என்று நாலு பேருக்கு நாலு சேனல் வேண்டும் என்ற ஒரே கணக்கில் நம் கச்சேரிக்கு ஜேபிஎல்தான் ஒட்டும். பேட்டரியைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்பதும் மின்வெட்டு ஊர்களுக்குப் பெரிய வசதி. தனி வயலின் வகுப்பு நடத்துகிறவருக்கு, பாட்டுடன் கூட வாசிக்கிறவருக்கு, போஸ் போதும். கண்டென்ஸர் மைக் வைத்திருப்பவர்கள் அந்த மைக்குக்கு மின்சாரம் தரும் பேன்டம் பவர் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் அது கிடையாது. தெருவில் கிடார் வாசிப்பவர்களுக்கென்றே வந்த ரோலண்ட் க்யூப் ஸ்ட்ரீட், ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும் 5 வாட்ஸ் பெட்டி. அழகான பொருள்தான், நம் பக்கவாத்தியத்துக்கு மூச்சு பத்தாது.

இவற்றிலும் ப்ளூடூத் இருக்கிறது. அதன் வழியே சுருதியை அனுப்புங்கள், வயலினைக் கேபிளில் செருகுங்கள். ஒயரே கூடாது என்றால் வாத்தியத்துக்கென்று தனி ஒயர்லெஸ் இருக்கிறது. பாஸ் டபிள்யூஎல்-20 போன்றவை ப்ளூடூத் முறையில் இயங்குவதில்லை. அதன் தாமதம் 2.3 மில்லி செகண்ட்தான். ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்ட மாதிரி.

டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மைக் உள்ள ப்ளூடூத் ஸ்பீக்கரை வீடியோ காலில் இணைத்தால், இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறிவிடும். பாட்டுக் கேட்கும் தரம் போய், பழைய தொலைபேசிக் குரலாகிவிடும். பிள்ளையின் காகலி நிஷாதம் சரியா தவறா என்று எப்படிச் சொல்வது? வகுப்புக்கு ஒயர் ஹெட்போன்தான். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தம்புராவை ஃபேன் சத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

ட்ராலி ஸ்பீக்கரை இவ்வளவு குறை சொன்னேன். ஆனால் மார்கழி வீதி பஜனைக்கு எங்கள் கோஷ்டி கொண்டுபோவது அதைத்தான். ஏழெட்டுக் கிலோ போஸோ ஜேபிஎல்லோ பனியில் தூக்கிப்போக யாருக்கும் மனசு வராது, விழுந்தால் நஷ்டமும் பெரிது. இரவு 10 முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதனால் ஐந்து மணிக்குக் கிளம்புகிறபோது பெட்டி அணைந்தே வரும், ஜால்ராவும் குரலும்தான். ஆறு அடித்த பிறகு, கடைசித் தெரு திரும்பும்போது, பாட்டிக்கு மட்டும் ஒரு மைக்கைக் கையில் கொடுப்போம். ஐம்பது வருஷமாகப் பாடுகிறவர். மூச்சு வாங்குகிறது, ஆனால் சுருதி இன்னும் அசையவில்லை.