1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று) என்று சொல்லி 2880 மோட்டாரைத் தலையில் கட்டிவிட்டார்கள், 14,500 ரூபாய் போச்சு

இப்போதுதான் போனை வைத்தேன். ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மாமா பட்டறையை மூடியபோது எனக்குக் கொடுத்தது நாலரை அடி பெல்ட் லேத், இரும்பைச் சுற்றவிட்டுச் செதுக்குகிற கடைசல் இயந்திரம். மோட்டாரை மட்டும் எப்போதோ கழற்றி விற்றிருந்தார். அதனால் கோவையில் பழைய மோட்டார் விற்று, காயிலும் கட்டித் தருகிற ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கடைக்காரர் பெரியவர், பேச்சில் அவ்வளவு பதவிசு. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டி மூடி ஒன்றைக் கிழித்து அவரே கணக்குப் போட்டார். மோட்டார் 1440, அதில் 3 இன்ச் புல்லி, கவுண்டர் ஷாஃப்டில் (மோட்டாருக்கும் லேத்துக்கும் நடுவில் இருக்கும் தண்டு) 9 இன்ச், ஆக ஷாஃப்ட் 480 சுற்றும். அங்கிருந்து கோன் புல்லியில் (படிப்படியாக அளவு மாறும் புல்லி) 4 இன்ச்சுக்கு 7, நடுவில் சமம், அப்புறம் 7க்கு 4. ஸ்பிண்டில், அதாவது ராடைச் சுற்றுகிற லேத் தண்டு, 274, 480, 840. கணக்கில் ஒரு தப்பும் இல்லை, இப்போதும் சொல்வேன். அந்த அட்டையைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன், இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று. டேக்கோமீட்டர் (சுற்று வேகம் அளக்கும் கருவி) வைத்துக் காட்டுங்கண்ணா என்றதற்கு, “பேட்டரி தீந்துருச்சுங்க தம்பி, அதான் பிளேட்லயே அடிச்சிருக்குதுல்ல” என்றார். உடம்பெல்லாம் துரு, பிளேட் மட்டும் பளபளவென்று புதுசு. அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

மோட்டார் 9,800, புல்லி ரெண்டும் 3,400, பெல்ட்டும் ஆட்டோவும் 1,300. மொத்தம் 14,500.

முந்தாநாள் மாட்டி ஓட்டினேன். 40 மில்லி எம்.எஸ். (சாதா மென் இரும்பு) ராடு, மெதுவான படி, 274 என்று நம்பி ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) வெட்டு டூலால் ஒரு கட் கொடுத்தேன். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 34 மீட்டர்தான் வரும், டூல் தாங்கும். ஆனால் சுருள் நீலமாகப் பறக்கிறது, புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் டூல் மூக்கே மழுங்கிப் போய்விட்டது. பக்கத்துப் பட்டறையில் டேக்கோ வாங்கி வைத்துப் பார்த்தால் ஸ்பிண்டில் 550, மோட்டார் ஷாஃப்ட் 2950! மூடியைக் கழற்றினோம். மெயின் காயில், போலுக்கு (காந்த முனைக்கு) ஒன்றாக நாலு குரூப் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டே ரெண்டு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நாலு போல் என்றால் 1500க்குக் கொஞ்சம் கீழே, ரெண்டு போல் என்றால் 3000க்குக் கொஞ்சம் கீழே, 2880 என்று சொல்வது இந்த வகையைத்தான். இது காயில் கட்டுகிறவருக்குத் தெரியாதாம், நம்ப வேண்டுமாம். வேகமான கடைசிப் படியில் போட்டிருந்தால் ஸ்பிண்டில் 1680. மாமா காலத்து 8 இன்ச் வார்ப்பிரும்புச் சக் (ராடைப் பிடிக்கும் தலை) அந்த வேகத்தில் சுற்றுவதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

போன் செய்தேன். முதல் நாள், “உங்க லைன்ல வோல்டேஜ் ஜாஸ்திங்க, அதான் வேகமா ஓடுது.” வோல்டேஜ் ஏறினால் 1440 மோட்டார் 2950 சுற்றுமா? நேரில் போனால், காயில் கட்டின பையன் ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் பார்க்கலாம். அப்புறம், மோட்டாரில் ஒன்றரை இன்ச் புல்லி போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். ஏ சைஸ் வி-பெல்ட்டை ஒன்றரை இன்ச்சில் வளைத்தால் வழுக்கும், சீக்கிரமே வெடித்துப்போகும், அட்டையில் கணக்குப் போட்டவருக்கு இதுவும் தெரியும். கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் 18 இன்ச் போடலாமென்றால் லேத் காலில் இடிக்கிறது. இன்று கடைசியாகச் சொன்னது: “வித்தது வித்ததுதான் தம்பி, கிரைண்டருக்குப் போட்டுக்கங்க.” 14,500 ரூபாய்க்குச் சாணை பிடிக்கிற கிரைண்டர் மோட்டார்!

விரிவாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது. பிளேட்டை நம்பாதீர்கள். டேக்கோவைக் கையோடு கொண்டு போங்கள், கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஆர்பிஎம் எத்தனை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் “மோட்டார் 1” என்று மட்டும் இருக்கிறது, நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, 1440க்குக் கீழே அவரே ரெண்டு கோடு போட்டிருக்கிறார். நாளைக் காலையில் அதையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.