டைனமோ றேடியோவா, கைப்பேசியா?
1996இல் லாகூரில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப்போட்டியில் இலங்கையின் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 அடித்தபோது வன்னியில் எங்களுக்கு மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால்தான் டைனமோவில் றேடியோ பேசும், சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் வர்ணனையும் அடங்கிவிடும், விழுந்தது விக்கெட்டா இவன்ரை கையா என்று அதற்கொரு சண்டை.

இப்போது கிளிநொச்சியில் தேத்தண்ணீர் குடித்தபடி கைப்பேசியில் பார்க்கிறேன். படம் தெளிவு, சரி. ஆனால் பக்கத்து மேசை அண்ணையின் கைப்பேசி கொஞ்சம் முந்தி ஓடுகிறது, அவர் "அவுட்!" என்று கத்திய பிறகுதான் என்னுடையதில் பந்துவீச்சாளர் ஓடியே வருகிறார்.

பார்க்கக் கைப்பேசி, சிரிக்கச் சைக்கிள். என்ன, விடிந்ததும் செயின் ஏன் கழன்று கிடக்கிறது என்று அப்பா கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை.