இருட்டுக்கா, பில்லுக்கா? டர்பனில் ஒரே தெருவில் மூன்று விதம்

மதுரையில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் மொட்டை மாடியில் சோலார் போட்டார். மூன்று கிலோவாட், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அந்த உற்சாகத்தில் எனக்கும் வாட்ஸாப்பில் அறிவுரை வந்தது: "மாப்ள, தெற்குப் பார்த்து வைங்க. பத்து டிகிரி சாய்ச்சா போதும்."

மதுரைக்கு அது சரி. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். இங்கே தெற்குப் பார்த்து வைத்தால் பேனல் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். டர்பன் தெற்கு அட்சரேகை 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, மகர ரேகைக்கும் கீழே. வருஷம் முழுக்க நண்பகல் சூரியன் வடக்கேதான். ஜூன் மாதத்தில் உச்சிவேளையில்கூட 37 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. அதனால் வடக்குப் பார்த்து, 30 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பதுதான் இங்கே வழக்கம். மானியம் என்று கையில் காசு எதுவும் வராது. இதையெல்லாம் மச்சானுக்கு விளக்கி முடிப்பதற்குள், "அப்ப எதைத்தான் போடறது?" என்று கேட்டார். இங்கே புதிதாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே பதில் இருக்கிறது. மூன்று வீடு, மூன்று விதம். சுவரை ஒட்டிய வீட்டு மாமா பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் போட்டார். எதிர்வீட்டு அக்கா பேனல் இல்லாமல் பேட்டரி மட்டும் வாங்கினார், பிறகு எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்தார். நாங்கள் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனல், பேட்டரி, தெருக் கரண்ட் மூன்றையும் சேர்த்துக் கையாள்வது), பேட்டரி, பேனல் என்று மூன்றையும் போட்டோம். மூவரும் முடிவெடுத்தது 2023 முற்பாதியில், ஸ்டேஜ் 6 லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில். ஸ்டேஜ் 6 என்றால் நாடு முழுக்க 6,000 மெகாவாட் மின்சாரத்தை வெட்டிவிடுவது. வீட்டில் அதற்கு அர்த்தம் இரண்டு மணி நேரம் இருட்டு, பிறகு கரண்ட், மறுபடி இருட்டு. சில நாள் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு மட்டும் மாதக்கணக்கில் விலக்குக் கொடுத்திருந்தார்கள். பழக்கம் விட்டுப்போன பிறகு திரும்பி வந்ததால் எங்களுக்கு எரிச்சல் இரட்டிப்பு.

மாமாவின் கதையில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் செய்யும் தவறு அது. அவர் வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். "என்ன தம்பி" என்பது மட்டும் மாறாத தமிழ். பேனல் போட்ட மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிறது, லோட்ஷெட்டிங் வந்தது, அவர் வீடும் தெருவோடு சேர்ந்து அணைந்தது. "என்ன தம்பி" என்று வேலியோரம் வந்து நின்றார். கூரையில் 3 கிலோவாட் பேனல், உள்ளே டிவி ஓடவில்லை.

கோளாறு எதுவும் இல்லை. பேட்டரி இல்லாத சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், தெருவில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பி கம்பியில் கை வைக்கும் லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயும். இதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "கரண்ட் போனால் என்னென்ன ஓடும்?" என்று யாரிடம் வாங்கினாலும் முதலில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த தலைவலி ப்ரீபெய்ட் மீட்டர். பகலில் மாமா வீட்டில் செலவு குறைவு, பேனல் தருவது அதிகம். மிஞ்சியது மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. போனால் போகட்டும், அந்த மீட்டர் வெளியே போவதையும் செலவாகவே கணக்கெழுதியது! வெயில் நன்றாக அடித்த நாளில் யூனிட் வேகமாகக் கரைந்தது. பல ப்ரீபெய்ட் மீட்டர்களுக்குக் கரண்ட் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே தெரியாது. சிலது திருட்டு என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து மெயின் ஒயரைச் சுற்றி ஒரு சின்ன வளையத்தை மாட்டினார், தீப்பெட்டி அளவுகூட இல்லை. வெளியே ஓடும் கரண்ட்டை அது உணர்ந்து சொல்ல, இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நகராட்சியில் பதிவு செய்து, இரு திசையும் அளக்கும் மீட்டர் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. கேப் டவுன் நகராட்சி வீட்டுக்காரர்களிடம் மிச்சக் கரண்ட்டை விலைக்கே வாங்குகிறது. ஆனால் ஊருக்கு ஊர் விதி வேறு, அடுத்த ஊர்க்காரர் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பில்லைப் பற்றிக் கவலை இல்லை, பையனின் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பரீட்சைதான் கவலை. ட்ராலி என்று இங்கே சொல்வார்கள்: சக்கரம் வைத்த பெட்டிக்குள் இன்வெர்ட்டரும் ஜெல் பேட்டரியும். தள்ளிக்கொண்டு வந்து சுவரில் சொருகினால் முடிந்தது வேலை. டிபி போர்டை (வீட்டு ஃப்யூஸ் பெட்டியை) தொட வேண்டாம், வாடகை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம், வீடு மாறினால் கூடவே வரும். லைட், வைஃபை, டிவி ஓடும். ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3க்கு அது போதும்தான். ஸ்டேஜ் 6இல் மாட்டிக்கொண்டது. ஈய பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும். பாதிக்குமேல் காலி செய்தால் ஆயுளும் சட்டென்று குறையும். தினம் அரைகுறையாக ஏறி, தினம் அடிமட்டம் வரை இறங்கி, ஒரு வருஷம் முடிவதற்குள் செத்துப்போனது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தப் பிரச்சினை குறைவு. 80 சதவீதம் வரை இறக்கினாலும் ஆயிரக்கணக்கான முறை தாங்கும். இன்றைக்கு யாராவது ஜெல் பேட்டரியை மலிவு என்று நீட்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ட்ராலியே வேண்டுமானாலும் லித்தியம் வைத்ததாக வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 5.12 யூனிட் லித்தியம் பேட்டரி, 550 வாட் பேனல் எட்டு. ராத்திரி ஃபிரிட்ஜ், லைட், வைஃபை, ஒரு ஃபேன் எல்லாம் சேர்ந்து 350 வாட் இழுக்கும். விடியும்வரை பேட்டரி தாங்கும். கரண்ட் போனால் மைக்ரோவேவ் கடிகாரம்கூட அணைவதில்லை. இதில் பெருமை பேச ஒன்றும் இல்லை, மூன்று வீட்டிலும் அதிகம் பணம் கொட்டியது நாங்கள்தான். பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான் செலவில் பெரும்பங்கு, பேனல் அல்ல.

மூன்று வழியிலும் மாட்டாத மிருகம் ஒன்று உண்டு, கீசர். தென்னாப்பிரிக்க வீடுகளில் பொதுவாக 150 லிட்டர் டேங்க், 3 கிலோவாட் காயில். 20 டிகிரித் தண்ணீரை 60க்கு ஏற்ற சுமார் 7 யூனிட் வேண்டும். எங்கள் பேட்டரி முழுதாக இருந்தாலும் போதாது. அதனால் எலக்ட்ரீஷியன் கீசர், அடுப்பு இரண்டையும் பேட்டரிப் பக்கத்தில் சேர்க்காமல் வெளியே விட்டார். பலர் இதைக் கேட்டுத்தான் ஏமாந்த மாதிரி முகம் சுளிக்கிறார்கள். ஆனால் சரியான வழி அதுதான். கீசருக்கு டைமர் போட்டு, காலை பத்தரை மணிக்கு மேல் சூடேறும்படி வைத்துவிட்டோம். அந்த நேரத்துச் சூரியன் நேராகத் தண்ணீருக்குள் போகிறது. இந்த ஒரு மாற்றத்தால் குறைந்த பில், மற்ற எந்த மாற்றத்தாலும் குறையவில்லை. கையில் காசு குறைவு, இருட்டும் பெரிய தொந்தரவு இல்லை என்றால், பேனலை மறந்துவிட்டு சோலார் கீசரையோ ஹீட் பம்ப்பையோ முதலில் பாருங்கள். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குள் ஏற்றும் ஹீட் பம்ப், அதே சுடுதண்ணீரை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரண்ட்டில் தந்துவிடும்.

டர்பன் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சராசரியாக ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். ஜோஹன்னஸ்பர்கில் இன்னும் அதிகம். டிசம்பர், ஜனவரியில் அள்ளும் என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்களுக்கு மழைக்காலமே கோடைதான், மேகம் வந்து மூடிக்கொள்ளும், சூட்டில் பேனலின் திறனும் இறங்கும். ஜூன், ஜூலையில் பகல் குட்டை, ஆனால் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். கடற்கரையை ஒட்டி வீடு இருந்தால் உப்புக்காற்றுக்குத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட், அலுமினியச் சட்டம் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கூரை. சாட்ஸ்வொர்த்தில் 1960களில் நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்து இரண்டிரண்டாகக் கட்டிய வீடுகள் பலவற்றின் தலையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. எங்கள் பாதியிலும் அதுதான். மாமா தன் பாதியை எப்போதோ தகரமாக்கிவிட்டார், அவருக்குக் கவலை இல்லை. ஆஸ்பெஸ்டாஸில் துளை போட்டால் தூசு நுரையீரலுக்கு எமன். பழைய ஷீட் ஆளேறினாலே உடையும். 2020 விதிமுறைகளுக்குப் பிறகு கண்டவர்கள் அதைக் கழற்றவும் கூடாது. விலை கேட்க வந்த மூன்று பேரில் ஒருவர், "பரவாயில்லை, மாஸ்க் போட்டு டிரில் பண்ணிடலாம்" என்றார். அவரை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கூரை முழுவதையும் மாற்றும் செலவு கையைக் கடித்ததால், கார் நிறுத்தும் இடத்துக்கு இரும்புத் தூண் நட்டு, நாலு நாலாக இரண்டு வரிசை பேனலையே கூரையாக்கினோம். ஒன்று 28 கிலோ, எட்டுக்கும் தூண் தாங்க வேண்டும். 30 டிகிரி சாய்த்தால் காற்று தூக்கும் என்று 10 டிகிரியோடு நிறுத்திவிட்டார்கள். குளிர்காலத்தில் கொஞ்சம் இழப்புதான். மச்சானின் பத்து டிகிரி கடைசியில் வந்தேவிட்டது, திசை மட்டும் வேறு.

வாங்குவதா, வாடகையா? ட்ராலி செத்த பிறகு அக்கா மாதச் சந்தா முறைக்குப் போனார். கைக்காசு அதிகம் போடாமல் ஹைப்ரிட் வந்தது, பழுதானால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இரண்டு விஷயத்தை மட்டும் அவர் கவனிக்கவில்லை. சந்தா வருஷா வருஷம் உயரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நடுவில் வீட்டை விற்றால், வாங்குபவர் சந்தாவை ஏற்க வேண்டும், இல்லையென்றால் கழற்றும் செலவு இவர் தலையில். அதே வீட்டில் பத்து வருஷம் இருக்கப்போகிறவர் கடன் வாங்கியாவது சொந்தமாகப் போடுவது மேல் என்பது என் கட்சி. மூன்று வருஷத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைப்பவருக்கு வாடகைகூட வேண்டாம், நல்ல ட்ராலி போதும்.

எந்த வழியானாலும் காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எலக்ட்ரீஷியன் தரும் சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்னும்) சான்றிதழ், நகராட்சிப் பதிவு இரண்டையும் கையில் வைத்திருங்கள், தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே அவற்றைத்தான். வரிச் சலுகை ஒன்று இருந்தது: 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை, புதுப் பேனல் விலையில் 25 சதவீதம், உச்சவரம்பு 15,000 ரேண்ட். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் கிடையாது. ஓய்வூதியத்தில் வரியே கட்டாத மாமாவுக்கு அதில் ஒரு ரேண்ட்கூட வரவில்லை.

அப்போது மாமாவைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தது உண்மை. இப்போது சிரிப்பு வருவதில்லை. 2024 மார்ச் 26க்குப் பிறகு லோட்ஷெட்டிங் ஏறக்குறைய நின்றுவிட்டது, 2025இல் சில நாள் தலைகாட்டியதோடு சரி. பில் நிற்கவில்லை. அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு அனுமதித்த கட்டண உயர்வு 2023இல் 18.65 சதவீதம், 2024இல் 12.74. பேட்டரி இருட்டுக்கான மருந்து, பேனல் பில்லுக்கான மருந்து. இருட்டு விலகிய ஊரில் மருந்துக்கு அதிகம் செலவழித்தவன் நான். பகல் முழுக்க வீட்டிலேயே இருந்து துணி துவைப்பது, சமைப்பது, கீசர் எல்லாவற்றையும் வெயில் நேரத்தில் முடித்துக்கொள்ளும் மாமாவுக்குப் போட்ட காசு என்னுடையதைவிட வேகமாகத் திரும்புகிறது. ஆனால் கேபிள் திருடு போய் ஒன்றரை நாள் தெருவே அணைந்துகிடந்தபோது, அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த கறி எல்லாம் எங்கள் ஃபிரிட்ஜுக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கும் பேட்டரி ஆசை வந்துவிட்டது. அவருடைய இன்வெர்ட்டரில் பேட்டரி சேர்க்க இடமில்லை. பேனலும் சட்டமும் அப்படியே இருக்கலாம், இன்வெர்ட்டரை மட்டும் ஹைப்ரிடாக மாற்ற வேண்டும். முதலிலேயே ஹைப்ரிட் வாங்கி பேட்டரியைப் பிறகு சேர்த்திருந்தால் இந்த இரட்டைச் செலவு இருந்திருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை விலைச்சீட்டோடு வேலியோரம் வந்தார். பழைய இன்வெர்ட்டரை என்ன செய்வது என்று கேட்டேன். மகளுக்குத் தரப்போகிறாராம். மகள் வேலைக்குப் போகிறவள், பகலில் வீட்டில் ஆளே இல்லை. "என்ன தம்பி?" என்றார், என் முகத்தைப் பார்த்து.