250 ரூபாய்க்கு பல்பு வாங்கிய கதை: இரண்டு ஸ்பார்க் டெஸ்டர்கள்

அப்பா ஓட்டிய 1988 மாடல் அம்பாசடர் மார்க் 4 இப்போது என்னிடம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1489 சிசி, நாலு பிளக்குக்கும் முறைவைத்துக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய வகை: உள்ளே பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட், அந்தப் பாயிண்ட் கருகாமலும் பொறி பலமாக வரவும் உதவும் கண்டென்சர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்ஃப் ஜோராக எடுக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் மட்டும் ஆகமாட்டேன் என்கிறது. ஆபீஸ் நண்பர் ஒருவர் ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செருகிப் பார்க்கச் சொன்னார். எங்கே செருகுவது? அந்த ஸ்கேனர் செருகும் ஓபிடி, அதாவது வண்டிக் கம்ப்யூட்டரே கோளாறைச் சொல்லும் ஏற்பாடு, நம் நாட்டில் கட்டாயமானதே 2010 வாக்கில்தான். இந்த வண்டியில் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தால் அது சீட்டுக்கு அடியில் யாராவது மறந்துவிட்டுப் போன கால்குலேட்டராகத்தான் இருக்கும்.

சரி, கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பிரித்துப் பார்ப்போம் என்று ஆன்லைனில் 250 ரூபாய்க்கு ஒரு ஸ்பார்க் டெஸ்டர் வாங்கினேன். பிளக் வயருக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டுகிற வகை, உள்ளே குட்டி பல்பு. மாட்டுவது சுலபம், பகலிலும் வெளிச்சம் தெரிகிறது. செல்ஃப் அடித்ததும் பளிச் பளிச்சென்று மினுக்கியது, நாலு பிளக்கிலும். கரண்ட் சரி, கோளாறு பெட்ரோலில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அங்கேதான் தப்பு.

அடுத்த இரண்டு வாரம் பெட்ரோல் பின்னாலேயே அலைந்தேன். கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலில் விட்டு செல்ஃப் அடித்தால் பம்ப் நன்றாகவே பீய்ச்சுகிறது. கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டெல்லாம் ஊதி மாட்டினேன். பிளக்கைக் கழற்றினால் நாலும் நனைந்து பெட்ரோல் வாடை தூக்குகிறது. உள்ளே போன பெட்ரோல் எரியவே இல்லை என்று பிளக் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஆனால் பல்புதான் எரிகிறதே! சோக்கை அதிகம் இழுத்து ஓவர்ஃப்ளோ ஆக்கிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு பிளக்கைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பைபாஸ் ரோட்டோரம் ஷெட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். பொறிக்கு வேண்டிய வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலிலிருந்து வரும் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலிருந்து உருவி, பிளாஸ்டிக் பிடி போட்ட இடுக்கியால் என்ஜின் பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்து, "அடிங்க தம்பி" என்றார். ஓர் அரிசி அளவு இடைவெளியில் நூல் மாதிரி மஞ்சளாக ஒரு பொறி, அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் அதுவும் இல்லை. "பல்பு எரியுறது இருக்கட்டும், கரண்ட்டுக்குத் தெம்பு இருக்கான்னு பாக்க வேணாமா?"

விஷயம் இதுதான். வெளிக்காற்றில் பொறி தாவுவது சுலபம். சிலிண்டருக்குள் கம்ப்ரஷனில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் எவ்வளவோ வோல்ட் வேண்டும். அந்தக் குட்டி பல்போ கொஞ்சம் கரண்ட் ஓடினாலே மினுக்கிவிடும், பொறி பலமா சோதாவா என்று அதற்குத் தெரியாது. கேப்பைத் திறந்தால் பாயிண்ட் கருகி, ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு. நாலு மாதம் முன்பு பெயரில்லாத ஒரு மலிவு கண்டென்சரை நானேதான் வாங்கி மாட்டியிருந்தேன், அதுதான் போயிருக்கிறது. புது கண்டென்சர் போட்டு, பாயிண்ட்டைத் தேய்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டால் 15 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்தார். நனைந்த பிளக்கைக் காயவைத்து மாட்டி, முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் இரண்டாவது டெஸ்டரை வாங்கினேன், 400 ரூபாய். இதில் பல்பு கிடையாது. திருகினால் இடைவெளி கூடிக் குறையும், ஒரு கிளிப்பை என்ஜினில் எர்த்துக்கு மாட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் வைத்தேன், நீலமாக டக் டக்கென்று சத்தத்தோடு தாவியது. பழைய கண்டென்சரை வேண்டுமென்றே திரும்ப மாட்டிப் பார்த்தேன் (வீட்டில் பைத்தியம் என்றார்கள்): 6-இல் ஒன்றும் இல்லை, 2-க்குக் குறைத்ததும் அதே மஞ்சள் நூல். நான் இரண்டு வாரம் தேடியதை இது இரண்டு நிமிஷத்தில் காட்டியிருக்கும். பெட்ரோல் பைப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், பொறி வெளியில் பறக்கிற சாமான். செல்ஃபையும் பத்து செகண்டுக்கு மேல் பிடித்து அடிக்காதீர்கள்.

பல்பு வகைக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார். கரண்ட் சுத்தமாகவே வராத வண்டியில் வயர் வயராகப் பார்க்க உதவும், அதற்கு மேல் நம்பாதீர்கள். திருகு வகைக்கு நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் அதன் கிளிப்: மூன்றாம் நாளே ஸ்பிரிங் கழன்றுவிட்டது, இப்போது பழைய ஜம்பர் கேபிளிலிருந்து வெட்டிய கிளிப்போடு ஓடிக்கொண்டிருக்கிறது.