மீன் காட்டும் உருண்டை: காவேரிப்பாக்கம் ஏரியில் இரண்டு மாதம்

ஐப்பசியில் ஆன்லைனில் வாங்கினேன், ஆறாயிரத்துச் சொச்சம். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை. தூண்டில் நரம்பில் கட்டி வீசினால் தண்ணீர் பட்டதும் தானே ஆன் ஆகி, அடியில் என்ன இருக்கிறது என்று வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பும். மீன் இருந்தால் திரையில் மீன் பொம்மை வரும். அந்தப் பொம்மையைப் பார்த்துத்தான் நானும் காசு கொடுத்தேன், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்: நம்பாதீர்கள்.

இதை எப்படிப் பயன்படுத்துவது என்று தேடினால் வருகிற வீடியோ எல்லாம் அமெரிக்காவில் கிராப்பி பிடிப்பவர்களுடையது. கோடையில் ஆழத்தில் கிடக்கும் அந்த மீன், செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் குட்டி மீன் கூட்டத்தின் பின்னாலேயே ஓடை வாய்ப் பக்கம் வந்து, மூழ்கிய மரக்கிளைகளை ஒட்டிக் கும்பலாக நிற்கும், குளிர் முற்றினால் மறுபடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அவர்களுக்குத் தண்ணீரின் சூடுதான் கணக்கு. உருண்டை அதையும் காட்டுகிறது. கார்த்திகையில் காலை ஆறரைக்கு 24 டிகிரி, பதினோரு மணிக்கு 27. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நம் பக்கம் மீன் நகர்வது புதுத் தண்ணீருக்கு. பாலாற்றில் வெள்ளம் வந்தால் வாலாஜா பக்கத்து அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் இறங்கும் (2019-ல் ராணிப்பேட்டை மாவட்டமாகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் வடார்க்காடுதான்). அந்தக் கலங்கல் தண்ணீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஏறும். சரி, அங்கேதான் இருக்கும் என்று கால்வாய் வாயில் உருண்டையை வீசினேன். திரை முழுக்க மீன். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன், அவருடைய காவல்காரப் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா நைனா, பொட்டில மீன் தெரியுதா?"

"நெறைய தெரியுதுங்க."

"தூண்டில்ல ஒண்ணுத்தையும் காணோமே."

மண்புழு வைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பிடித்தது உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை. அப்புறம்தான் புரிந்தது. உருண்டை சத்தத்தை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது, அவ்வளவுதான். வெள்ளத்தில் வரும் சருகு, நுரை, காற்றுக் குமிழி எல்லாமே அதற்கு மீன். போதாததற்கு அது பார்ப்பது கூம்பு மாதிரி, ஆறடித் தண்ணீரில் அடியில் நாலடி அகலம் தெரிந்தால் பெரிது. முழங்கால் தண்ணீரில் ஒன்றுமே காட்டாது. விராலுக்குச் சுத்தமாக வேண்டாம். அது காற்றுக் குடிக்க மேலே வரும், மொழுக்கென்று ஒரு சத்தம், அல்லிக் கொடிக்கு நடுவே ஒரு வளையம், அதைப் பார்க்கக் கண் போதும்.

தூக்கிப் போட்டிருப்பேன், ஆனால் ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்து நின்று, தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு நாள் மீன் பொம்மையை செட்டிங்கில் அணைத்துவிட்டு ஆழத்தை மட்டும் பார்த்தேன். கரையிலிருந்து இருபதடி தள்ளி ஐந்தடி, ஐந்தடி, ஐந்தரை, திடீரென்று பதினொன்று. கோடையில் வண்டல் அள்ளிய பள்ளம்! வெயிலில் லாரி நின்ற இடத்தை நானே பார்த்திருக்கிறேன், தண்ணீர் ஏறியதும் எது எங்கே என்று மறந்துபோயிருந்தது. அதன் உதட்டில் மூழ்கிய வேலிகாத்தான் முள்மரம் வேறு, திரையில் அடியிலிருந்து புதராக எழும்பித் தெரிந்தது. அந்த கிராப்பிக்காரர்கள் மரக்கிளை மரக்கிளை என்று அடித்துக்கொண்டது இங்கே பலித்தது. பள்ளத்துக்கும் முள்ளுக்கும் நடுவே தக்கையை விட்டு, மைதா உருண்டையில் ரோகு இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையாது. அதற்கப்புறம் நாலு வாரமும் அதே இடம், ஒரு வாரம் தவிர வெறுங்கையாகத் திரும்பவில்லை.

வேலிகாத்தானில் உருண்டையை மாட்டிவிட்டால் கதை முடிந்தது, ஆகவே சாதாரண நரம்பில் கட்டாதீர்கள், பின்னல் நரம்பு போடுங்கள். என்னுடையது ஒருமுறை மாட்டி, பெரியவர்தான் தெப்பத்தில் போய் எடுத்துக் கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தேன்.

வருஷா வருஷம் ஒரே ஏரியில் போடுபவருக்கு இது தேவையில்லை, பள்ளம் எங்கே என்று அவருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஏரி என்று அலைபவர் வாங்கலாம். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். சார்ஜ் ஒயர் ஒரு சாண்கூட இல்லை, அதற்காக அரை குறைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.